மாரோவிண்ட்: முதன்முறை ஆடுவோருக்கு ஒரு வழித்துணை

2002ஆம் ஆண்டு வெளிவந்த மாரோவிண்ட் என்ற கணினி ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குவோரில் பலர், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதை மூடிவைத்துவிடுகிறார்கள். கைதியாகக் கப்பலில் வந்திறங்கி, சுங்க அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அங்கே மேசைமேல் கிடக்கும் குறுவாளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடுகிறார்கள். நீரோரத்தில் ஒரு சேற்று நண்டு எதிர்ப்படுகிறது. வாளை வீசினால், அது நண்டின் ஓட்டை ஊடுருவிச் செல்வதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் அடி விழுந்த ஓசையும் இல்லை, நண்டுக்கு ஒரு கீறலும் இல்லை. பத்து முறை வீசினால் இரண்டு முறை படுகிறது. அதற்குள் நண்டு நம்மைக் கொன்றுவிடுகிறது. ஆட்டமே பழுதாகிவிட்டது என்றுதான் அப்போது தோன்றும்.

பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் இது மூன்றாவது. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஆடியும், புதிதாகத் தொடங்கிய நண்பர்களின் அருகில் அமர்ந்து பார்த்தும் நான் அறிந்துகொண்டது என்னவென்றால், இதன் கடினத்துக்கும் கைவேகத்துக்கும் தொடர்பே இல்லை. சண்டைக்கான விதிகளை இந்த ஆட்டம் எங்கும் தெளிவாகச் சொல்லித் தருவதில்லை; போகவேண்டிய வழியையோ அம்புக்குறியிட்டுக் காட்டாமல், ஊரார் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறது. அந்த விதிகளில் நான்கைந்தைத் தெரிந்துகொண்டு, ஊரார் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகிவிட்டால், கணினி விளையாட்டுகளில் இதற்கு இணையான ஓர் உலகம் எனக்குத் தெரிந்து அரிது. அந்த இடத்துக்கு நீங்கள் வந்துசேரும் வரை துணை வருவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நிறுவுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இரு கடைகளிலும் விற்கப்படும் பதிப்பில் டிரிபியூனல், பிளட்மூன் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. அதை வாங்கியபின், ஓப்பன்எம்டபிள்யூ என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கி, அதன் வழியாக ஆடுமாறு பரிந்துரைக்கிறேன். ஆட்டத்தை இயக்கும் அடிப்படை நிரலை ஆர்வலர்கள் புதிதாக எழுதி உருவாக்கியது அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும். இன்றைய அகலத் திரைகளுக்கு ஒத்துப்போகும். ஆனால் ஆட்டத்தின் மூலக் கோப்புகள் அதில் இல்லாததால், விலைகொடுத்து வாங்கிய பதிப்பு உங்களிடம் இருக்கவேண்டும். தோற்றத்தை மெருகூட்டும் நூற்றுக்கணக்கான மாட்கள், அதாவது ஆட்டத்தை மாற்றியமைக்க ஆர்வலர்கள் எழுதிய கோப்புகள், இணையத்தில் கிடைக்கின்றன. முதல்முறை ஆடும்போது அவற்றை விட்டுவிடுங்கள். குறிப்பாக, தொலைவை மறைக்கும் மூடுபனியை நீக்கும் மாட்கள் இப்போது வேண்டாம். ஆட்டம் நடக்கும் வார்டன்ஃபெல் தீவு உண்மையில் அவ்வளவு பெரியதன்று. பனிக்குள் பாதை தெரியாமல் நடக்கும்போதுதான் அது பெரிய நாடாக விரிகிறது.

பாத்திரத்தை உருவாக்கும்போது

ஆட்டத்தின் முதல் பதினைந்து நிமிடங்களில் நீங்கள் எடுக்கும் முடிவுகள், அடுத்த பத்து மணி நேரம் இன்பமாகப் போகுமா துன்பமாகப் போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கே சற்று நிதானமாகப் பேசவேண்டும்.

மொத்தம் 27 திறன்கள் உள்ளன. அவற்றில் ஐந்தை முதன்மைத் திறன்களாகவும் ஐந்தைத் துணைத் திறன்களாகவும் தேர்கிறோம். முதன்மைத் திறன் 30 என்ற எண்ணிலும், துணைத் திறன் 15இலும், எஞ்சிய பதினேழும் வெறும் 5இலும் தொடங்குகின்றன. இதற்குமேல், நீங்கள் தேரும் இனத்துக்கேற்பச் சில திறன்களில் 5, 10 அல்லது 15 கூடும். போர், மந்திரம், மறைவு என்ற மூன்று பிரிவுகளில் எதைச் சிறப்புப் பிரிவாக எடுக்கிறீர்களோ அதைச் சேர்ந்த எல்லாத் திறன்களிலும் 5 கூடும். இந்த எண்கள் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில் நேரடியாகச் சண்டையில் வந்து நிற்கின்றன. ஆகவே 5இல் இருக்கும் திறனை நம்பிச் சண்டைக்குப் போவது, எழுதப்படிக்கத் தெரியாதவரைக் கணக்குப்பிள்ளையாக அமர்த்துவதற்குச் சமம்.

ஆட்டம் பத்துக் கேள்விகள் கேட்டு உங்களுக்கொரு வகுப்பை, அதாவது திறன்களின் தொகுப்பை, பரிந்துரைக்கும். ஆயத்தமாக 21 வகுப்புகளின் பட்டியலும் உண்டு. இரண்டையும் விட்டு, உங்கள் வகுப்பை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். ஆயத்த வகுப்புகள் சிலவற்றில் ஒன்றுக்கொன்று உதவாத திறன்கள் கலந்திருக்கின்றன. தொடங்குபவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

முதல்முறை ஆடுவோருக்கு நான் எப்போதும் சொல்லும் அமைப்பு இது. இனம் ரெட்கார்டு. சிறப்புப் பிரிவு போர். விருப்பப் பண்புகளாக வலிமையும் தாங்குதிறனும், அதாவது ஸ்ட்ரெங்த், எண்டூரன்ஸ். முதன்மைத் திறன்களாக நீள்வாள், கனரகக் கவசம், கேடயம், கவசம் செப்பனிடல், ஓட்டம் ஆகியவை; துணைத் திறன்களாகக் குணப்படுத்தும் மந்திரமான ரெஸ்டொரேஷன், இடம்பெயர்வுக்கு உதவும் மிஸ்டிசிசம், மருந்து தயாரிக்கும் ஆல்கெமி, பூட்டு திறக்கும் செக்யூரிட்டி, பேச்சுத்திறன் ஆகியவை. ரெட்கார்டு இனத்துக்கு நீள்வாளில் 15 கூடுதலாகக் கிடைப்பதால், 30, 5, 15 மூன்றும் சேர்ந்து முதல் நாளிலேயே உங்கள் நீள்வாள் திறன் 50 ஆகிவிடும். ஓட்டத்தை ஏன் முதன்மையாக வைக்கச் சொல்கிறேன் என்றால், தொடக்கத்தில் உங்கள் பாத்திரம் மிக மெதுவாக நகரும். பலர் சலிப்படைவதற்கு அந்த மந்த நடையே போதுமான காரணமாக இருக்கிறது.

தாங்குதிறனை விருப்பப் பண்பாக எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் உங்கள் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்கு உயிராற்றலாகச் சேர்கிறது. பின்னாளில் தாங்குதிறன் உயர்ந்தாலும், முன்பே ஏறிய லெவல்களுக்கான நிலுவையை ஆட்டம் திருப்பித் தருவதில்லை. எனவே அது தொடக்கத்திலேயே உயர்ந்திருப்பது நல்லது.

பிறப்புக் குறிகள் 13 இருக்கின்றன. தொடங்குபவருக்கு வாரியர் என்ற குறியே நல்லது. அடி படும் வாய்ப்பில் எப்போதும் 10 கூட்டித் தரும். அட்ரோனாக் என்ற குறியின் கவர்ச்சியில் விழவேண்டாம். மந்திர ஆற்றலை அது அள்ளிக் கொடுத்தாலும், உறங்கி எழுந்தால் அந்த ஆற்றல் மீளாது என்ற தண்டனையையும் சேர்த்தே கொடுக்கிறது. லார்டு என்ற குறி காயத்தை ஆற்றும். ஆனால் நெருப்பின் சேதத்தை இரட்டிப்பாக்கிவிடும். ஆர்கோனியன், கஜீத் இனங்களைத் தேர்ந்தால் காலணியும் முகம் மூடும் தலைக்கவசமும் அணிய இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பச்சைப் பட்டை

திரையின் கீழ்மூலையில் மூன்று பட்டைகள் தெரியும். சிவப்பு உயிராற்றல், நீலம் மந்திர ஆற்றல், பச்சை உடல் தெம்பைக் காட்டுவது; சோர்ந்தால் அது குறையும். புதியவர்களின் கண் சிவப்பிலேயே இருக்கும். பச்சையைப் பார்த்து ஆடத் தொடங்கும் நாளில்தான் இந்த ஆட்டம் உங்களுக்கு வசப்படும்.

நாம் வீசும் வாள் திரையில் எதிரியின் உடலைத் தொடுவது, தாயக்கட்டையை உருட்டுவதற்கான அனுமதி மட்டுமே. அடி பட்டதா இல்லையா என்பதைக் கணினி மறைவில் உருட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் பழைய பாத்திர விளையாட்டுகளின் மரபு அது. கணக்கு எளியதுதான்: ஆயுதத் திறன், அதனுடன் சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டி, வரும் தொகையைச் சோர்வுக்கேற்ற எண்ணால் பெருக்கவேண்டும். பச்சைப் பட்டை நிறைந்திருந்தால் அந்த எண் 1.25, முற்றிலும் காலியானால் 0.75. வாரியர் குறி தரும் 10 இதற்குப் பின் சேரும். இறுதியில் எதிரியின் விலகும் திறன் கழிக்கப்படும்.

அந்தச் சேற்று நண்டிடம் திரும்பிப் போவோம். மேலே சொன்ன அதே ரெட்கார்டு வீரர், சுங்க அலுவலகத்துக் குறுவாளுடன் நிற்கிறார் என்று கொள்ளுங்கள். குறுவாள் என்பது ஷார்ட் பிளேடு. அதில் அவருக்கு இனத்தால் வந்த 5 சேர்ந்து மொத்தம் 10தான். சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40. ஆகக் கூட்டுத்தொகை 10, 8, 4 சேர்ந்து 22. ஊரிலிருந்து ஓடியே வந்ததால் பச்சைப் பட்டை காலி, 22ஐ 0.75ஆல் பெருக்கினால் 16.5. வாரியர் குறியின் 10ஐச் சேர்த்தாலும் நூற்றுக்கு 26.5, நண்டு விலகுவதையும் கழித்தால் இன்னும் குறையும். அதே வீரர், அதே நண்டு, கையில் நீள்வாள், நடந்தே வந்ததால் பட்டை நிறைந்திருக்கிறது என்றால் 50, 8, 4 சேர்ந்து 62, அதை 1.25ஆல் பெருக்கினால் 77.5, குறியின் 10ஐச் சேர்த்தால் 87.5. நண்டு மாறவில்லை, ஆடுபவரின் கையும் மாறவில்லை. தவறான ஆயுதமும் காலியான பட்டையும் சேர்ந்துதான் அந்த வீரரைக் கொன்றன.

இதிலிருந்து நடைமுறையில் செய்யவேண்டியவை தாமாகவே விளங்கும். ஊரிலும் பாதுகாப்பான சாலையிலும் ஓடுங்கள். எதிரி இருக்கக்கூடிய இடம் என்று தோன்றியதும் நடைக்கு மாறுங்கள், ஏனெனில் நடக்கும்போது பச்சைப் பட்டை மீண்டும் நிறையும். குகை வாசலில் சில நொடிகள் நின்று, பட்டை நிறைந்தபின் உள்ளே போங்கள். இழந்த தெம்பை மீட்கும் மருந்துகள் மலிவானவை. எப்போதும் இரண்டு மூன்று வைத்திருங்கள். மந்திரம் பலிப்பது, கடையில் பேரம் படிவது, பேச்சால் ஒருவரை இணங்கவைப்பது ஆகியவற்றின் கணக்கிலும் இதே சோர்வு எண் வருகிறது. மூச்சிரைக்க ஓடிவந்து பேரம் பேசுபவருக்கு விலை படியாது என்பதை ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த நுணுக்கம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆயுதத்தின் மேல் சுட்டியை வைத்தால் அது எந்த வகை என்று எழுதிக் காட்டும். பெயரை நம்பி ஏமாறவேண்டாம். ஷார்ட்ஸ்வோர்டு குறுவாள் வகை, சேபரும் கடானாவும் நீள்வாள் வகை. சுட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால்தான் அடி முழு வலுவுடன் விழும். தட்டித் தட்டி அடித்தால் ஆயுதத்தின் மிகக் குறைந்த சேதமே கிடைக்கும். அமைப்புப் பக்கத்தில், எப்போதும் சிறந்த வீச்சையே பயன்படுத்து என்ற தேர்வை இயக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டியும் உண்டு. அதைக் குறைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது அடியின் சேதத்தை மட்டுமே மாற்றும், அடி படும் வாய்ப்பை மாற்றாது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

செய்டா நீனில் முதல் நாள்

நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும் செய்டா நீன், சதுப்புநிலக் கரையில் உள்ள சிற்றூர். இங்கே அவசரமின்றி ஒரு மணி நேரம் செலவிடுங்கள். சுங்க அலுவலக முற்றத்தில் ஒரு பீப்பாய்க்குள் மோதிரம் ஒன்று கிடக்கும். வெளியே வந்ததும் ஃபார்கோத் என்ற மர எல்ஃப் அதைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிப் புலம்புவார். அவரிடம் திருப்பிக் கொடுத்தால், ஊரின் ஒரே கடைக்காரரான அர்ரில் உங்களிடம் கனிவாகப் பேசத் தொடங்குவார். இந்த உலகில் ஒவ்வொருவருக்கும் உங்கள்மேல் உள்ள நல்லெண்ணம் 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக இருக்கிறது என்பதும், அந்த எண் விலையையும் அவர்கள் சொல்லும் தகவலையும் மாற்றும் என்பதும் அந்தச் சிறு உதவியின் வழியாகவே புரிந்துவிடும். அர்ரிலின் கடையில் உங்கள் திறனுக்கேற்ற ஆயுதத்தையும் சில மருந்துகளையும் வாங்குங்கள். ஏற்ற வாள் அங்கே இல்லாவிட்டால், அடுத்துப் போகவிருக்கும் பால்மோரா என்ற ஊரின் ஆயுதக் கடைகளைச் சேரும் வரை சண்டையைத் தவிர்ப்பதே நல்லது.

ஊரைச் சுற்றியுள்ள சதுப்பில் நால்வகைக் காளான்கள் வளர்கின்றன. இரண்டு தரையில், இரண்டு மரத்தண்டில். கண்ணில் படுபவற்றையெல்லாம் பறித்துக்கொள்ளுங்கள். பால்மோராவில் மந்திரவாதிகளின் சங்கமான மந்திரவாதிகள் கில்டில் அஜிரா என்ற பெண் கொடுக்கும் முதல் வேலையே அந்த நான்கையும் கொண்டுவருவதுதான்.

வடக்கே போகும் சாலையில் சற்றுத் தூரம் நடந்தால், வானத்திலிருந்து ஒருவர் அலறிக்கொண்டு விழுந்து இறப்பார். அவரது உடலருகே மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். தாண்டும் திறனை ஏழு நொடிகளுக்கு 1000 கூட்டும் சுருள்கள் அவை. படித்துவிட்டுத் தாவினால் தீவின் பெரும்பகுதியைக் கடந்து பறப்பீர்கள். ஆனால் தரையைத் தொடுவதற்குள் அதன் ஆற்றல் தீர்ந்துபோகும், அவருக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். தரை நெருங்கும்போது இரண்டாவது சுருளைப் படித்தால் உயிர் தப்பலாம். சேமித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ஒரு பொருளைக் கொடுத்து, அதன் விளைவையும் கண்முன் காட்டி, அதிலிருந்து தப்பும் வழியை மட்டும் நம் சிந்தனைக்கு விட்டுவிடும் இந்தப் போக்கை ஆட்டம் நெடுகக் காணலாம்.

சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பயண வாகனம் நிற்கும் மேடைக்கு அப்பால் நீரைத் தாண்டினால் அடமசார்டஸ் என்ற குகை இருக்கிறது. கடத்தல்காரர்கள் அடிமைகளை அடைத்துவைத்திருக்கும் இடம் அது. புதியவர்கள் அருகில் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து அடிவாங்குகிறார்கள். ஒருநாள் கழித்து, கவசமும் மருந்தும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

பால்மோராவும் கில்டுகளும்

உயரமான கால்களை உடைய பெரும்பூச்சி ஒன்றின் ஓட்டைக் குடைந்து இருக்கை செய்திருக்கும் வாகனமே சில்ட் ஸ்ட்ரைடர். சிறு கட்டணம் கொடுத்து அதில் பால்மோரா போகலாம். அங்கே கையஸ் கொசேடஸ் என்பவரைத் தேடிப்பிடித்து, சுங்க அலுவலகத்தில் உங்களிடம் தரப்பட்ட கடிதக் கட்டை ஒப்படைக்கவேண்டும். மேற்சட்டை இல்லாமல் ஓர் அறை வீட்டில் வாழும் அந்த முதியவர், 200 காசு கொடுத்து, முதலில் ஏதேனும் கில்டில் சேர்ந்து அனுபவம் பெற்று வா என்று சொல்லி அனுப்புவார். பலரும் இதை வெறும் வசனமாக எண்ணி, உடனே அடுத்த கட்டளையைக் கேட்டுவாங்கிக்கொண்டு சாவை நோக்கிப் போகிறார்கள். அவர் சொல்வதை உள்ளபடியே கடைப்பிடியுங்கள். மையக் கதை எத்தனை நாளானாலும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

போர்வீரர் கில்டு, மந்திரவாதிகள் கில்டு ஆகிய இரண்டும் பால்மோராவிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டிலும் சேரலாம். போர்வீரர் கில்டின் முதல் வேலை, ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டில் எலிகளைக் கொல்வது. அந்த வீட்டில் குவிந்திருக்கும் தலையணைகளை எலிகள் குதறுகின்றன என்பது அவரது கவலை. சிறிய வேலைதான்; ஆனால் உங்கள் வாள் எந்த அளவுக்குப் படுகிறது என்பதை ஆபத்தின்றி அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கில்டில் சேர்ந்தால் உறங்குவதற்குக் கட்டணமில்லாத படுக்கையும், பயிற்சி தருபவர்களும் கிடைப்பார்கள்.

பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள் என்பதை வலியுறுத்திச் சொல்வேன். ஒரு திறனை ஒரு புள்ளி உயர்த்த ஆகும் செலவு, அத்திறனின் அப்போதைய எண்ணைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆகவே தாழ்ந்த திறன்களை உயர்த்துவது மிக மலிவு. நல்ல கவசத்துக்காகப் பல நாள் சேமிப்பதைக் காட்டிலும், கேடயத் திறனையோ குணப்படுத்தும் திறனையோ ஐந்தாறு புள்ளி உயர்த்திக்கொள்வது உடனடியாகப் பலன் தரும். குகைகளிலிருந்து கொண்டுவரும் விலையுயர்ந்த பொருள்களை விற்க, பால்மோராவுக்கு வடக்கே உள்ள கல்டேராவில் ஓர்க்குகள் வாழும் மாளிகையைத் தேடிப் போங்கள். அங்கே கிரீப்பர் என்ற சிறு பேயுருவம் 5000 காசு வைத்துக்கொண்டு, பேரம் பேசாமல் முழு விலைக்கு வாங்கிக்கொள்ளும்.

டிரிபியூனல் விரிவாக்கம் சேர்ந்திருப்பதால் ஒரு தொல்லையும் உண்டு. எந்த லெவலில் இருந்தாலும், நீங்கள் உறங்கும்போது கொலையாளி ஒருவன் வந்து தாக்குவான். தொடக்கத்தில் அவனை வெல்வது கடினம். உறங்குவதற்கு முன் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். தொல்லை தொடர்ந்தால், அவனது வருகையைத் தள்ளிவைக்கும் சிறு மாட் ஒன்றை நிறுவலாம். மாட் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு.

லெவல் ஏறும்போது பண்புகளுக்கு இரண்டு முதல் ஐந்து வரை பெருக்கம் கிடைக்கும். அதை ஒவ்வொரு முறையும் ஐந்தாக்குவதற்குத் தாளில் கணக்கெழுதி ஆடுவோர் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஆட்டத்தை முடிக்க அந்தக் கணக்கு தேவையே இல்லை. ஓர் அழகான நாட்டில் நடக்கவேண்டிய நேரம் சிட்டைக்குறிப்பில் கழிந்துவிடும்.

மந்திரத்தைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். நீலப் பட்டை தானாக நிறையாது; உறங்கவேண்டும், அல்லது மருந்து குடிக்கவேண்டும். மந்திரப் பட்டியலில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிரே அது பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கும். அந்த எண் 70க்குக் கீழே இருந்தால் சண்டையில் அதை நம்பவேண்டாம். அதற்கு மாறாக, மந்திரம் ஏற்றிய மோதிரங்களும் தாயத்துகளும் சுருள்களும் எப்போதும் தவறாமல் பலிக்கும். புதியவர்கள் சுருள்களைப் பின்னாளுக்கென்று பதுக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகிறார்கள். கையில் இருப்பதை இன்றே பயன்படுத்துங்கள்.

வழி கேட்டுப் போதல்

இந்த ஆட்டத்தில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் மிதக்கும் குறி எதுவும் இல்லை. வேலை கொடுப்பவர், ஊரின் எந்தப் பக்கமாக வெளியேறி, எந்த ஆற்றைத் தாண்டி, எந்தப் பாறையருகே திரும்பவேண்டும் என்று வாயால் சொல்வார். அது உங்கள் குறிப்பேட்டில் பதிவாகும். இதைத் துன்பமாகக் கருதுவோர் பலர். எனக்கு இந்த ஆட்டத்தின் உயிரே இதுதான். குறியைப் பின்தொடர்ந்து நடப்பவர் குறியை மட்டுமே பார்க்கிறார்; சொல்லைப் பின்தொடர்ந்து நடப்பவர் பாறையையும் பாலத்தையும் ஓடையையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். சில நாள்களில் தீவு முழுவதும் மனத்தில் பதிந்துவிடும்.

அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். உரையாடல் முழுவதையும் படியுங்கள். ஆங்கிலம் சற்றுக் கடினமாக இருந்தால் அகராதியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவசரத்தில் விட்டுப்போகும் ஒரு சொல் ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடும். வழியைச் சொல்லும் வரிகளைத் தாளில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊராரிடம் பேசும்போது வரும் தலைப்புகளில் ‘சம்ஒன் இன் பர்டிகுலர்’, ‘ஸ்பெசிஃபிக் பிளேஸ்’ என்ற இரண்டும் குறிப்பிட்ட ஆளையும் இடத்தையும் கேட்டறிவதற்காகவே இருப்பவை. ஊருக்குள் ஒரு வீட்டைத் தேடி அலைவதற்கு முன் அவற்றைக் கேளுங்கள். சாலைச் சந்திப்புகளில் உள்ள கைகாட்டி மரங்களின்மேல் பார்வையை வைத்தால் ஊர்ப்பெயர் தெரியும்.

நெடுந்தூரப் பயணத்துக்கு ஒரு போக்குவரத்து அமைப்பே இருக்கிறது. உள்நாட்டில் சில்ட் ஸ்ட்ரைடர், கரையோரத்தில் படகு, மந்திரவாதிகள் கில்டு உள்ள பால்மோரா, ஆல்ட்ருன், கல்டேரா, விவெக், சாட்ரித் மோரா ஆகிய ஐந்து இடங்களுக்கிடையே கணநேர இடப்பெயர்வு. இவற்றோடு இரண்டு மந்திரங்கள்: டிவைன் இன்டர்வென்ஷன் அருகிலுள்ள பேரரசுக் கோட்டைக்கும், ஆல்ம்சிவி இன்டர்வென்ஷன் அருகிலுள்ள உள்ளூர்க் கோயிலுக்கும் கொண்டுசேர்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருளை எப்போதும் மூட்டையில் வைத்திருங்கள். மார்க் மந்திரத்தால் ஓரிடத்தைக் குறித்துவிட்டு, ரீகால் மந்திரத்தால் எங்கிருந்தும் அங்கே திரும்பலாம். இவையெல்லாம் கைவந்தபின், எந்த ஊருக்கு எந்த வழியாகப் போனால் விரைவு என்று பேருந்து நிலையத்து நடத்துநரைப் போல நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இந்த உலகில் யாரையும் கொல்லலாம்; மையக் கதைக்கு இன்றியமையாதவரையும்கூட. அப்படிக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரே சேமிப்பின்மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், புதிய ஊருக்குள் நுழையும்போதும் குகைக்குள் இறங்கும்போதும் தனித்தனிப் பெயரில் சேமித்துவையுங்கள்.

லெவல் நான்கு அல்லது ஐந்துக்கு வந்தபின் கையஸிடம் திரும்புங்கள். அவர் உங்களைப் பால்மோரா போர்வீரர் கில்டில் இருக்கும் ஹாஸ்ஃபத் அன்டபோலிஸிடம் அனுப்புவார். ஹாஸ்ஃபத், அர்க்ந்தாண்ட் என்ற இடிபாட்டிலிருந்து, மறைந்துபோன ட்வெமர் இனத்தாரின் ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். முதல்முறை ஆடுவோரில் மிகுதியானவர்கள் மனமுடைந்து நிறுத்தும் இடம் இதுதான். நானும் ஒரு முழு மாலை இங்கே சுற்றினேன். ஊருக்குத் தெற்கே இறங்கி, ஆற்றைத் தாண்டிக் கிழக்கே மூன்மாத் கோட்டைக்குப் போங்கள். அதற்கப்பால் ஃபோயாடா மமயா என்ற ஆழமான சாம்பல் பள்ளத்தாக்கை ஒரு பழைய ட்வெமர் பாலம் கடக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் ஓட்டத்தை நிறுத்தி நடந்து வாருங்கள். நுழைவாயிலுக்கு அருகில் மந்திரம் வீசும் கொள்ளைக்காரன் ஒருவன் காத்திருப்பான். கதவு மூடியிருக்கும், அதைத் தட்டியோ பூட்டுடைத்தோ திறக்க இயலாது. பக்கத்தில் ஒரு குழாயில் பொருத்தியிருக்கும் திருகைச் சுழற்றவேண்டும். உள்ளே பேழைகளைத் துழாவி நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் தேடும் பெட்டி கையடக்கமான கனசதுரம். ஓர் அறையின் அலமாரித் தட்டில், மற்ற ட்வெமர் பாத்திரங்களுக்கு நடுவே, திறந்தபடியே இருக்கிறது. விளக்கை உயர்த்திப் பிடித்து, ஒவ்வோர் அறையிலும் உள்ள தட்டுகளைப் பாருங்கள்.